‘திருப்புறேன்’ என்று கத்தச் சொன்னேன்

1. சத்தம் போட்டால்தான் பிரிண்ட்

“திருப்புறேன்!” என்ற கூச்சலை எங்கள் ஆபீசில் பழக்கப்படுத்தியவன் நான். அதற்காகக் கொஞ்ச நாள் பெருமைப்பட்டுக்கொண்டும் திரிந்தேன். கம்ப்யூட்டர், பிரிண்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நான் பட்டதிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, பட்டது நான் இல்லை, வேறொருவர் என்பதுதான் தெரிகிறது.

சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில், கார் கம்பெனிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்து கொடுக்கும் தொழிற்சாலை அது. நான் அங்கே சிஸ்டம்ஸ் இன்சார்ஜ். பெயர்தான் இன்சார்ஜ், எனக்குக் கீழே ஒருவரும் கிடையாது. கம்ப்யூட்டர், நெட்வொர்க், பிரிண்டர், கைரேகை மெஷின், மாதம் ஒரு முறை ஜி.எம். வீட்டு வைஃபை, எல்லாம் என் தலையில்தான். திண்டுக்கல்லிலிருந்து வந்து மறைமலை நகரில் குடியேறிய ஆள் நான். தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லாதவன். தெரியாததையும் தெரிந்த மாதிரி அடித்துச் சொல்வேன்.

ஒரு நாள் ஜி.எம். கூப்பிட்டார். பெரிய கஸ்டமர் ஒருவர் புது விதி அனுப்பியிருந்தார். இனிமேல் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எல்லாம் காகிதத்தின் இரண்டு பக்கமும் அச்சிட்டுத்தான் வரவேண்டுமாம்.

“நம்ம பிரிண்டர்ல ரெண்டு பக்கமும் வருமாங்க?” என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். ஹாலில் பதினாலு சிஸ்டம், ஒரே ஒரு லேசர் பிரிண்டர். தூணுக்குப் பக்கத்தில் இருக்கும். என் சிஸ்டத்தில் டிரைவர் சாஃப்ட்வேர் போட்டு, அங்கிருந்து எல்லோருக்கும் ஷேர் பண்ணியிருந்தேன். பிரிண்டிங் பிரிஃபரன்சஸைத் திறந்தால், ‘பிரிண்ட் ஆன் போத் சைட்ஸ்’ என்ற வரி வெளிறிப்போய்க் கிடந்தது. மவுசை வைத்து அழுத்தினாலும் டிக் விழவில்லை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை, முடிவு கட்டிவிட்டேன்.

“வராது சார். இது டூப்ளெக்ஸ் இல்லாத மெஷின், தானா ரெண்டு பக்கமும் அடிக்காது.”

“புது மெஷின் இந்த வருஷம் கிடையாது. வேற வழி பாருங்க.”

வழி பார்த்தேன். முதலில் ஒற்றைப்படைப் பக்கங்களை மட்டும் பிரிண்ட் கொடுக்க வேண்டும். வந்த காகிதங்களைத் திருப்பி மறுபடி டிரேயில் வைக்க வேண்டும். பிறகு சீட்டுக்கு வந்து இரட்டைப்படைப் பக்கங்களைக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் பிரிண்டரில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. பதினாலு பேர் பங்கு போடும் பிரிண்டரில், நீங்கள் காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு சீட்டுக்கு நடந்து வருவதற்குள் வேறொருவர் பிரிண்ட் கொடுத்துவிடுவார். அவருடைய சமாசாரம் உங்கள் காகிதத்தின் முதுகில் ஏறிவிடும். முதல் நாளே குவாலிட்டி ரிப்போர்ட்டின் பின்பக்கம் நாலு லீவ் ஃபாரம் வந்து விழுந்தது.

உடனே ஒரு ரூல் போட்டேன். காகிதத்தைத் திருப்பி வைப்பவர் பிரிண்டர் பக்கத்தில் நின்று “திருப்புறேன்!” என்று கத்த வேண்டும். கேட்டதும் எல்லோரும் மவுசிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் அவர் “ஆச்சு!” என்று கத்துவார். பிறகு மற்றவர்கள் பிரிண்ட் கொடுக்கலாம். கொட்டை எழுத்தில் அச்சடித்துத் தூணில் ஒட்டினேன்.

ஒரு வாரத்தில் ஹால் சந்தைக்கடை ஆகிவிட்டது. “திருப்புறேன்!” “ஆச்சு!” “திருப்புறேன்!” “இன்னும் ஆவலியா?” வெளியிலிருந்து வருகிறவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவும் ஆனது. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் தோசையைத் திருப்பிப் போடுகிறவரைப் பார்த்தும் கத்துவோம். ஜி.எம். என் முதுகில் தட்டி, “ஒரு பைசா செலவில்லாம முடிச்சிட்டீங்களே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. சீட்டு

குவாலிட்டி செக்‌ஷனில் ரிப்போர்ட் வேலை பார்த்தவர் அருள்தாஸ். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாகக் கூலிக்குப் போனவர்கள். டிப்ளமோ முடித்து, மாசச் சம்பளம் என்று ஒன்றை அந்த வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் அவர்தான். எங்கள் கம்பெனியில் மூன்று வருஷமாகக் காண்டிராக்டில் இருந்தார். வரப்போகிற கஸ்டமர் ஆடிட் நல்லபடியாக முடிந்தால் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக ஜி.எம். எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். ஊரில் சர்ச் பாதிரியார்வரைக்கும் இந்தச் சேதி போயிருந்தது.

வேலையில் குறையே சொல்ல முடியாது. அவர் அடுக்கிய ஃபைலில் ஒரு காகிதம்கூட வரிசை தவறி இருக்காது. பேச்சில் மட்டும் திக்கல் இருந்தது. எல்லாச் சொல்லும் திக்காது. “நாஸ்தா ஆச்சா சார்?” என்று தினமும் காலையில் தெளிவாகக் கேட்பார். ‘த’வில் தொடங்கும் சொல்தான் அவருக்கு எமன். அதனால் தண்ணியை ‘வாட்டர்’ என்பார், தலைவலியை ‘மண்ட இடி’ என்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் சுற்றிப் போக ஒரு பாதை வைத்திருந்தார். நான் தூணில் ஒட்டிய சொல்லுக்கு மட்டும் சுற்றுப்பாதை இல்லை.

இரண்டொரு தரம் “மாத்துறேன்” என்று சொல்லிப் பார்த்தார். ஒரே சொல்லுக்குப் பழகிய காதுகள், யாரும் கையை எடுக்கவில்லை. “இன்னா மச்சான் மாத்துற? சட்டையா?” என்று யாரோ கேட்க, ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் என் சீட்டுக்கு வந்தார். ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அழகான கையெழுத்து. ‘சார், அந்த வார்த்தைக்குப் பதிலாக வேறு ஏதாவது வைக்கலாமா? அல்லது பிரிண்டர் பக்கத்தில் ஒரு பெல் வைத்தால் நன்றாக இருக்கும்.’

படித்துவிட்டு நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

“பதினாலு பேர் பழகிட்டாங்க அருளு. ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா? நீயும் வீட்ல நாலு தடவ சொல்லிப் பழகு, வந்துரும்.”

“செரி சார்” என்றார். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திக்கல் உள்ள ஒருவரிடம் நாலு தடவை சொன்னால் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் சின்ன வயசிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு காலிங் பெல் வாங்கி வைக்க எனக்கு என்ன கேடு வந்தது?

பர்ச்சேஸ் செக்‌ஷன் வசந்தாக்காதான் வழி செய்தார். அவர் சீட் தூணை ஒட்டி இருந்தது. அருள்தாஸ் காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டுக் கையைத் தூக்குவார். வசந்தாக்கா தலையைக்கூடத் திருப்பாமல் குரல் கொடுப்பார்.

“எல்லாரும் கைய எடுங்கப்பா! அருளு திருப்புறான்!”

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டால் ரயில்வே கேட்டில் கேட்கும் குரல் அது. அதனால் வண்டி ஓடியது. நானும் பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிட்டேன்.

3. எந்தப் பக்கத்தை நம்புவது

ஆடிட் நாள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்பதரைக்கே கேட்டுக்கு வந்துவிட்டார்கள். அருள்தாஸ் கடைசி ரிப்போர்ட்டை அடித்துக்கொண்டிருந்தார். வசந்தாக்கா அன்று ரிஜிஸ்தர் ஆபீசில் வேலை என்று அரை நாள் பர்மிஷன் போட்டிருந்தார்.

என் சீட்டிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. காகிதத்தைத் திருப்பி டிரேயில் வைத்தார். பழக்கத்தில் கையைத் தூக்கினார். வசந்தாக்காவின் நாற்காலி காலி. ஹால் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. நான் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். ப்ரொஜெக்டர் கேபிள் ஒன்று தகராறு செய்துகொண்டிருந்தது, நான் அதில் குறியாக இருந்தேன்.

அவர் சீட்டுக்கு ஓடினார். அதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த புரொடக்‌ஷன் முருகேசன், காலை மீட்டிங்குக்காக ரிஜெக்‌ஷன் லிஸ்ட்டைப் பிரிண்ட் கொடுத்துவிட்டார். மூன்று பக்கம். அது போய் அருள்தாஸின் முதல் மூன்று காகிதத்தின் முதுகில் விழுந்தது. அதற்குப் பின்னால் அருள்தாஸ் கொடுத்த பக்கங்கள் மூன்று தாள் தள்ளித் தள்ளி விழுந்தன.

அவர் திரும்பிப் பிரிண்டருக்கு வருவதற்குள் ஜி.எம். அங்கே நின்றிருந்தார். காகிதக் கட்டை அப்படியே அள்ளினார்.

“ஆடிட்டர் வாசல்ல நிக்கறாங்க. இன்னும் என்னய்யா பண்ணிக்கிட்டு இருக்க?”

“சார்… அ… அதுல…”

“எல்லாம் அப்புறம்!”

பஞ்ச் பண்ணி ஃபைலில் கோத்துக்கொண்டு ஜி.எம். போய்விட்டார். அருள்தாஸ் என்னிடம் வந்தார். வாய் திறந்து மூடியது. அவசரத்தில் எந்த எழுத்தும் வரவில்லை. என் மேசையில் பேனாவைத் தேடினார்.

“இருப்பா, வந்துர்றேன்” என்று கேபிளைச் சுருட்டிக்கொண்டு கான்ஃபரன்ஸ் ரூமுக்கு ஓடினேன்.

ஆடிட்டர் ஒரு அம்மா. அதிர்ந்து பேசாதவர். ஃபைலில் அந்தக் கடைசி ரிப்போர்ட்டின் முதல் தாளைத் திருப்பும்போது நின்றார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், மறுபடி முன்னால் பார்த்தார்.

“சார், முன்பக்கம் இந்த பார்ட் எல்லாம் ஓகேன்னு இருக்கு. பின்பக்கம் இதே பார்ட் ரிஜெக்ட்ன்னு இருக்கு. நான் எந்தப் பக்கத்த நம்பட்டும்?”

அந்த லிஸ்ட்டில் இருந்ததெல்லாம் முறைப்படி ஒதுக்கி ஸ்கிராப்புக்கு அனுப்பிய பீஸ்கள்தான். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஆனாலும் அது கஸ்டமர் கையில் கொடுக்கும் காகிதம் இல்லை. ஜி.எம். என்ன விளக்கியும் எடுபடவில்லை. மறு ஆடிட் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் ஜி.எம். ஹாலுக்கு வந்தார். வந்தவர் முதலில் என்னைத்தான் கேட்டார்.

“சிஸ்டத்துல ஏதாவது தப்பா?”

“சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல சார். சொல்லிட்டுத்தான் திருப்பணும், அதான் ரூல். சொல்லல.”

ஹாலே கேட்க அப்படிச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஜி.எம். அருள்தாஸ் பக்கம் திரும்பினார். “வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல முடியாதாய்யா உனக்கு?”

மத்தியானம் காண்டிராக்டருக்கு ஃபோன் போனது. நாளையிலிருந்து அந்த ஆள் வேண்டாம். சாயங்காலம் அருள்தாஸ் தன் சிஸ்டத்தை மூடிவிட்டு, பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி என் மேசையில் வைத்தார். வேலையை விட்டுப் போகிறவர்கள் அப்படிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதும் நான் போட்ட ரூல்தான். “வர்றேன் சார்” என்றார். நான் ஸ்கிரீனைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

4. ஒரு டிக்

மாசம் ஒன்றுகூட ஆகியிருக்காது. பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டே இருந்தது. தாம்பரத்திலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் வந்தார். ரோலரை மாற்றிவிட்டு, மெஷினிலேயே ஒரு பட்டனை அழுத்தி கான்ஃபிகரேஷன் பேஜ் எடுத்தார். அந்த மெஷினுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அதுவே தன்னைப் பற்றி அச்சடித்துக் கொடுக்கும் காகிதம் அது. அத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட நான் அதை எடுத்துப் பார்த்ததில்லை.

அவர் படித்துவிட்டுத் தூணில் இருந்த என் நோட்டீசைப் பார்த்தார்.

“சார், இதுல டூப்ளெக்ஸ் இருக்குதே. ஏன் கையால திருப்பினு கீறீங்க?”

“இல்லீங்களே. ஆப்ஷனே வெளிறிக் கெடக்குதே.”

“வாங்க, உங்க சிஸ்டத்துல காட்றேன்.”

என் நாற்காலியில் உட்கார்ந்து பிரிண்டர் பிராப்பர்ட்டீசைத் திறந்தார். பிரிஃபரன்சஸ் பக்கம் போகவே இல்லை. டிவைஸ் செட்டிங்ஸ் என்ற கடைசி டேப்பைத் திறந்தார். அதில் கீழே, ‘டூப்ளெக்ஸ் யூனிட்: நாட் இன்ஸ்டால்டு’. அதை ‘இன்ஸ்டால்டு’ என்று மாற்றி அப்ளை கொடுத்தார். அவ்வளவுதான். விண்டோஸ் தானாகப் போட்ட டிரைவர், மெஷினைக் கேட்காமல் இல்லை என்று வைத்துக்கொண்டது. நானும் மெஷினைக் கேட்காமல் டிரைவரை நம்பிவிட்டேன்.

இந்த இடத்தில் தொழில் விஷயம் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பிரிஃபரன்சஸில் இரண்டு பக்கம் என்று வைத்தால் அது உங்களுக்கு மட்டும்தான். ஷேர் பண்ணும் எல்லோருக்கும் வரவேண்டுமானால் அட்வான்ஸ்டு டேப்புக்குப் போய், பிரிண்டிங் டீஃபால்ட்ஸில் வைக்க வேண்டும். ‘லாங் எட்ஜ்’ என்றால் புத்தகம் மாதிரி புரளும், ‘ஷார்ட் எட்ஜ்’ என்றால் கேலண்டர் மாதிரி மேலே தூக்கும். ரிப்போர்ட்டுக்கு லாங் எட்ஜ். இதையெல்லாம் அந்த இன்ஜினியர் ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்தார்.

சோதனைக்கு ஒரு ஃபைல் கொடுத்தார். காகிதம் பாதி வெளியே வந்தது. நின்றது. மறுபடி உள்ளே போனது. பின்பக்கமும் அச்சாகி வெளியே வந்து விழுந்தது. யாரும் கத்தவில்லை. சுற்றிலும் பார்த்தேன். சாப்பாட்டு நேரம், ஹாலில் ஒருவரும் இல்லை.

அவரை அனுப்பிவிட்டுத் தூணில் இருந்த நோட்டீசைக் கிழித்தேன். சாயங்காலம் எல்லோரிடமும், “புது டிரைவர் போட்டிருக்கேன், இனி கத்த வேணாம்” என்று சொன்னேன். மாச மீட்டிங்கில் ஜி.எம். என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். வசந்தாக்கா மட்டும் கைதட்டவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

“இந்த டிரைவர கொஞ்சம் முன்னாடியே போட்டிருந்தா அந்தப் புள்ள வேல போயிருக்காதே சார். ஏன் அப்ப போடல?”

“அப்ப வரலக்கா” என்றேன். பொய்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. அதிகம் போனால் ஜி.எம். நாலு கத்துக் கத்தியிருப்பார். அருள்தாஸைத் திரும்பக் கூப்பிடக்கூட வாய்ப்பு இருந்தது, மறு ஆடிட்டுக்கு ரிப்போர்ட் போட ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று அடித்துச் சொன்னவன் நான், அதை இருக்கிறது என்று மாற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக ஒருவருடைய வேலையை விட்டுக்கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தேன்.

5. பஸ் ஸ்டாப்பில்

ஓய்வு பெற்ற பிறகு, மச்சினன் மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று குடும்பத்தோடு திருவிடந்தை கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது ஈ.சி.ஆர். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.

“சார், நல்லா கீறீங்களா?”

அருள்தாஸ். ஏதோ ரிசார்ட் பெயர் தைத்த சட்டை. கொஞ்சம் சதை போட்டிருந்தார். பக்கத்து ரிசார்ட்டில் ஸ்டோர் கீப்பராம்.

“அங்கேர்ந்து நேரா இங்க வந்துட்டியாப்பா?”

“இல்ல சார். நடுவுல ஒரு வருசம் வூட்ல சும்மா குந்திகினு இருந்தேன். இன்டர்வியூ போனா, அங்க ஏன் நிறுத்துனாங்கன்னு கேப்பாங்க. அத்த நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆள கூப்ட்ருவாங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. என் மனைவியும் மற்றவர்களும் இளநீர் குடிக்க ஒதுங்கியிருந்தார்கள். அங்கேயே நின்று முழுவதையும் சொல்லிவிட்டேன். வெளிறிக் கிடந்த ஆப்ஷன், கான்ஃபிகரேஷன் பேஜ், டிவைஸ் செட்டிங்ஸ், நோட்டீசைக் கிழித்தது, கைதட்டு வாங்கியது எல்லாம்.

அவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த மெஷினு அதுவே…” ‘தி’யில் நின்றுபோனார். நான் காத்திருந்தேன். “…திருப்பிருக்குமா சார்?”

“திருப்பியிருக்கும்ப்பா.”

“அத்த ஆபீஸ்ல சொன்னீங்களா?”

“இல்ல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். மன்னிச்சிருப்பா அருளு.”

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் ஒண்ணும் பண்ணலன்னு எனக்கு அன்னிக்கே புரிஞ்சிருச்சே சார். புரியாதது அவங்களுக்குத்தான். எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது?”

மாமல்லபுரம் பஸ் வந்தது. “வர்றேன் சார்” என்று ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரமே பழைய கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதி மெயில் அனுப்பினேன். ஜி.எம். மாறிவிட்டார். ஹெச்.ஆரிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. காண்டிராக்ட் ஆட்களின் விவரம் காண்டிராக்டரிடம்தான் இருக்குமாம், அந்தக் காண்டிராக்டரும் இப்போது இல்லையாம், அருள்தாஸ் என்ற பெயரில் தங்களிடம் பதிவு எதுவும் இல்லையாம். பதிவே இல்லாதவர் மேல் இருக்கும் பழியை எங்கே போய்த் திருத்துவது?

பிரிண்டர் ஷேர் பண்ணும் பிள்ளைகளே, இல்லை என்று சொல்லும் முன் கான்ஃபிகரேஷன் பேஜ் எடுத்துப் பாருங்கள். மெஷினுக்கு முடியாததை மனிதர்கள் தலையில் கட்டும் முன், அவர்களில் யாருக்கு அது முடியாது என்று கேளுங்கள். தப்பு தெரிந்தால் அன்றைக்கே, அதே ஹாலில், அதே ஆட்கள் முன்னால் சொல்லிவிடுங்கள். அந்த ஹாலில் இருந்தவர்களில் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக எழுதுகிறேன். அந்த மெஷினில் டூப்ளெக்ஸ் இருந்தது. பார்க்காமல் இல்லை என்று சொன்னவன் நான். சிஸ்டத்தில் ஒன்றும் இல்லை என்று உங்கள் முன்னால் சொன்னவனும் நான். அருள்தாஸ் மேல் ஒரு தப்பும் கிடையாது.